பொட்டி கட்டியாச்சு... அப்புறம்? ஜெர்மனியில் ஒரு குடும்பம் செட்டில் ஆவது எப்படி?

ஆஃபர் லெட்டர் வந்தாச்சு. விசாவும் கைக்கு வந்தாச்சு. குக்கர், இட்லித் தட்டு, அம்மா அரைச்சுக் கொடுத்த சாம்பார் பொடி எல்லாம் பெட்டிக்குள் போயாச்சு. வெயிட் தாண்டியதால் அரிசி அப்பளத்தை வெளியே எடுத்து வைத்த சோகமும் முடிஞ்சாச்சு.

வெளிநாடு போகிறவர்களுக்குக் கிடைக்கும் அட்வைஸ் பெரும்பாலும் இந்த இடத்தோடு நின்றுவிடும். ஆனால் கஷ்டம் ஆரம்பிப்பது இதற்குப் பிறகுதான். குப்பையை எந்தத் தொட்டியில் போடுவது, குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் யாருக்கு போன் போடுவது, ஒருவர் ஆபீஸுக்குக் கிளம்பிய பிறகு வீட்டில் இருக்கும் இன்னொருவர் நாள் முழுக்க யாருடன் பேசுவது... இப்படிச் சின்னச் சின்ன கேள்விகள்தான் முதல் வருஷத்தைத் தீர்மானிக்கின்றன.

ஐ.டி., இன்ஜினீயரிங், நர்ஸிங் என்று நம்ம ஊரிலிருந்து நிறைய பேர் போகும் நாடு ஜெர்மனி. 'ப்ளூ கார்டு' வாங்கி குடும்பத்தோடு கிளம்புகிறவர்களும் அதிகம். அங்கே போய் இறங்கியதும் உங்கள் அன்றாட வாழ்க்கை எப்படி இருக்கும், எதில் உஷாராக இருக்க வேண்டும் என்று வரிசையாகப் பார்க்கலாம்.

முதல் 14 நாள்கள்: எல்லாத்துக்கும் ஆதாரம் ஒரே ஒரு பேப்பர்

ஜெர்மனியில் நீங்கள் கற்றுக்கொள்ளப்போகும் முதல் வார்த்தை 'அன்மெல்டுங்'. இந்த முகவரியில் நாங்கள் குடியிருக்கிறோம் என்று நகர அலுவலகத்தில் பதிவு செய்வது. வீட்டுக்குள் குடியேறிய 2 வாரங்களுக்குள் இதைச் செய்ய வேண்டும் என்பது சட்டம். இதற்கு வீட்டு உரிமையாளர் கையெழுத்துப் போட்டுத் தரும் ஒரு படிவம் தேவை. அதனால் தற்காலிக வீடு புக் செய்யும்போதே, "இந்த அட்ரஸ்ல பதிவு பண்ண முடியுமா?" என்று கேட்டுவிடுங்கள். முடியாது என்றால் அந்த வீடு எவ்வளவு அழகாக இருந்தாலும் தலைவலிதான்.

ஏன் இவ்வளவு முக்கியம்? பதிவு செய்த பிறகுதான் 11 இலக்க வரி எண் தபாலில் வரும். அது இல்லையென்றால் சம்பளத்தில் வரி எக்கச்சக்கமாகப் பிடிப்பார்கள். பேங்க் கணக்கு, ரெசிடென்ஸ் கார்டு, குழந்தைக்கான உதவித்தொகை என எங்கே போனாலும் முதலில் கேட்பது இந்தப் பதிவுச் சான்றிதழைத்தான்.

இன்னொரு விஷயம், ஜெர்மனி இன்னமும் தபாலில் ஓடுகிற நாடு. உங்கள் வீட்டுத் தபால் பெட்டியில் பெயர் ஒட்டவில்லை என்றால் கடிதம் அப்படியே திரும்பிப் போய்விடும். இங்கேதான் தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு ஸ்பெஷல் சிக்கல். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. அப்பாவின் பாஸ்போர்ட்டில் அவருடைய அப்பா பெயர், அம்மாவின் பாஸ்போர்ட்டில் வேறு பெயர், குழந்தைக்கு இன்னொரு பெயர். பார்க்கிறவர்களுக்கு மூன்று பேரும் மூன்று குடும்பம் மாதிரி தெரியும். எல்லாப் பெயர்களையும் பெட்டியில் ஒட்டுங்கள். திருமணச் சான்றிதழ், குழந்தையின் பிறப்புச் சான்றிதழ் இரண்டின் ஒரிஜினலையும், ஜெர்மன் மொழிபெயர்ப்பையும் கையிலேயே வைத்திருங்கள்.

வீடு கிடைச்சாச்சு, கிச்சன் எங்கே?

வாடகை விளம்பரத்தில் இரண்டு தொகை போட்டிருக்கும். 'கால்ட்மீட்டெ' என்பது வெறும் வீட்டுக்கான வாடகை. தண்ணீர், பராமரிப்பு, பெரும்பாலும் ஹீட்டிங்கும் சேர்ந்தது 'வார்ம்மீட்டெ'. உங்கள் பட்ஜெட்டுக்கு இரண்டாவதைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும். கரன்ட் பில்லும் இன்டர்நெட்டும் பெரும்பாலும் அதற்கும் மேலே தனி. அட்வான்ஸ் தொகை 3 மாத கால்ட்மீட்டெக்கு மேல் கேட்கக் கூடாது என்பது சட்டம். அதையும் 3 மாதத் தவணையாகக் கட்ட உங்களுக்கு உரிமை உண்டு.

கதவைத் திறந்து உள்ளே போனால் ஒரு ஷாக் காத்திருக்கலாம். சமையலறை என்று காட்டும் ரூமில் தண்ணீர்க் குழாயும், நாலு சுவரும் மட்டுமே இருக்கும். அடுப்பு, சிங்க், கப்போர்டு எதுவுமே இருக்காது! பழைய வாடகைதாரர் தன் கிச்சனைக் கழற்றிக்கொண்டு போய்விடுவது அங்கே சகஜம். 'கிச்சனோடு வீடு' என்று விளம்பரத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், போகிறவரிடமிருந்தே விலை பேசி வாங்கிக்கொள்ளலாம்.

வீட்டை நேரில் பார்க்காமல், "நான் வெளியூர்ல இருக்கேன், பணம் அனுப்புங்க, சாவியை கூரியர்ல அனுப்புறேன்" என்று சொல்கிறவரை நம்பவே நம்பாதீர்கள். வீடு கிடைக்காத பெரிய நகரங்களில் புதிதாக வருகிறவர்களைக் குறிவைக்கும் மோசடி இது.

குடியேறிய பிறகு ஒரு பழக்கம் கட்டாயம். தினமும் சில முறை ஜன்னலை முழுசாகத் திறந்து, 5 - 10 நிமிஷம் காற்றை உள்ளே விட்டு, மூடிவிட வேண்டும். 'குளிருதே' என்று பூட்டியே வைத்தால், நம்ம குக்கர் ஆவியும் ரசத்துக் கொதியும் சுவரில் ஈரமாகப் படிந்து பூஞ்சை பிடிக்கும். வீட்டைக் காலி செய்யும்போது அந்தச் சுவருக்கான செலவு உங்கள் அட்வான்ஸில் கழிக்கப்படலாம்.

யூரோவை ரூபாயில் பெருக்காதீங்க!

முதல் மூன்று மாதம் எல்லோரும் செய்வது இதுதான். ஒரு முருங்கைக்காய் விலையை ரூபாயில் பெருக்கிப் பார்த்துவிட்டு கீழே வைத்துவிடுவது. சம்பளமும் யூரோ, செலவும் யூரோ என்று மனசு மாறினால்தான் நிம்மதி. சேமிக்கிற பணத்தை மட்டும் ரூபாயில் பெருக்கிக்கொள்ளுங்கள், சந்தோஷமாக இருக்கும்.

மாதாமாதம் வரும் கணக்கில் தெரிந்துகொள்ள வேண்டியவை இவை:

- ஹெல்த் இன்ஷூரன்ஸ்: கட்டாயம். அரசு சார்ந்த காப்பீட்டில் அடிப்படை விகிதம் சம்பளத்தில் 14.6 சதவிகிதம். அதோடு ஒவ்வொரு காப்பீட்டு நிறுவனமும் ஒரு கூடுதல் விகிதம் சேர்க்கும். பாதியை கம்பெனி கட்டும். வருமானம் இல்லாத துணைவருக்கும் குழந்தைகளுக்கும் தனியாகக் கட்ட வேண்டாம், அதே காப்பீட்டில் இலவசமாகச் சேர்ந்துவிடலாம். தனியார் காப்பீட்டில் இந்த வசதி இல்லை. 'மாதம் கம்மிதான்' என்று யாராவது தனியார் காப்பீட்டைத் தள்ளிவிடப் பார்த்தால், குடும்பத்தோடு சேர்த்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

- குழந்தைக்கான தொகை: 'கின்டர்கெல்ட்' என்று பெயர். 2026-ல் ஒரு குழந்தைக்கு மாதம் 259 யூரோ. ப்ளூ கார்டில் இருப்பவர்களுக்கும் உண்டு. ஆனால் தானாக வராது, விண்ணப்பிக்க வேண்டும். தாமதமானால் 6 மாதத்துக்கு மட்டுமே பின்தேதியிட்டுத் தருவார்கள்.

- வரி வகுப்பு: திருமணமானவர்களை முதலில் இருவருக்கும் 4-ம் வகுப்பில் வைப்பார்கள். ஒருவர் மட்டும் சம்பாதித்தால் 3/5 என்று மாற்றிக்கொள்ளலாம். கைக்கு வரும் மாதச் சம்பளம் கூடும். வருஷக் கடைசியில் வரிக் கணக்கு தாக்கல் செய்வது மட்டும் கட்டாயமாகிவிடும்.

- ரேடியோ, டி.வி. கட்டணம்: வீட்டுக்கு மாதம் 18.36 யூரோ. "எங்ககிட்ட டி.வி.யே இல்லைங்க" என்றாலும் கட்டணும். இந்தக் கடிதத்தை ஏமாற்று வேலை என்று நினைத்துக் கிழித்துப் போடாதீர்கள்.

- பயணம்: நாடு முழுக்க லோக்கல் பஸ், டிராம், மெட்ரோ, பாசஞ்சர் ரயிலில் போக ஒரே மாத டிக்கெட். 2023 மே மாதம் 49 யூரோவில் ஆரம்பித்தது, 2026-ல் 63 யூரோ. அதிவேக ரயிலில் செல்லாது. 6 வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளுக்கு டிக்கெட் தேவையில்லை.

- டிரைவிங் லைசென்ஸ்: இந்திய லைசென்ஸ் முதல் 6 மாதத்துக்குத்தான் செல்லும். பிறகு எழுத்துத் தேர்வும் ஓட்டும் தேர்வும் பாஸ் பண்ண வேண்டும். இரண்டுக்கும் சேர்த்து செலவு கொஞ்சநஞ்சம் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மிக்ஸி போடலாமா?

சனிக்கிழமை ராத்திரி பால் தீர்ந்துபோச்சா? திங்கட்கிழமை வரை பொறுக்க வேண்டியதுதான். ஞாயிற்றுக்கிழமை சூப்பர் மார்க்கெட், துணிக்கடை எல்லாம் மூடல். காலையில் சில பேக்கரிகள், பெட்ரோல் பங்க், பெரிய ரயில் நிலையக் கடைகள் மட்டும் இருக்கும். ஞாயிறு ஓய்வு நாள் என்பது 1919-ன் வைமர் அரசியல் சாசனத்தில் எழுதப்பட்டு, இன்றைய அரசியல் சாசனத்திலும் தொடர்கிறது. அவ்வளவு சீரியஸான விஷயம்!

அதே காரணத்தால்தான் சத்தமும். பொதுவாக ராத்திரி 10 மணி முதல் காலை 6 வரையும், ஞாயிறு முழுக்கவும் அமைதி நேரம். சில அபார்ட்மென்ட்களில் மதியமும் உண்டு. சுவரில் டிரில் போடுவது, வேக்யூம் கிளீனர் ஓட்டுவது எல்லாம் சனிக்கிழமையோடு முடித்துவிடுங்கள். இட்லி மாவு அரைக்கும் வேலைக்கும் இதே ரூல்தான். சட்னிக்கு அரை நிமிஷம் மிக்ஸி ஓடினால் யாரும் போலீஸைக் கூப்பிடப் போவதில்லை. ஆனால் காலை 5 மணிக்குக் கிரைண்டர் ஓடினால், கீழ் வீட்டிலிருந்து ஒரு நோட்டீஸ் கதவில் ஒட்டியிருக்கும்.

இதற்கு ஒரு நல்ல மருந்து இருக்கிறது. குடியேறிய வாரமே மேல் வீடு, கீழ் வீடு, பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி, "நாங்க புதுசா வந்திருக்கோம், வீட்ல சின்னக் குழந்தை இருக்கு, சத்தம் அதிகமா இருந்தா சொல்லுங்க" என்று அறிமுகம் செய்துகொள்ளுங்கள். கையில் கொஞ்சம் முறுக்கோ மைசூர்பாகோ இருந்தால் இன்னும் நல்லது. பின்னாளில் உங்கள் பார்சலை வாங்கி வைக்கப்போவதும் அவர்கள்தான்.

குப்பையில் பேப்பர், பிளாஸ்டிக் பேக்கிங், உணவுக் கழிவு, மீதிக் குப்பை என்று தனித்தனித் தொட்டிகள். தொட்டியின் நிறம் ஊருக்கு ஊர் மாறும், அதனால் உங்கள் ஊரின் பட்டியலை ஃப்ரிட்ஜில் ஒட்டிவிடுங்கள். கண்ணாடி பாட்டில்களை வெள்ளை, பச்சை, பழுப்பு என்று பிரித்துத் தெருவில் இருக்கும் தொட்டியில் போட வேண்டும். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலையும் கேனையும் தூக்கிப் போடாதீர்கள். வாங்கும்போதே அதற்கு 25 சென்ட் டெபாசிட் கட்டியிருப்பீர்கள். சூப்பர் மார்க்கெட் மெஷினில் போட்டால் ரசீது வரும், பில்லில் கழித்துக்கொள்ளலாம். இந்த வேலையைக் குழந்தைகளிடம் கொடுத்துப் பாருங்கள், சண்டை போட்டுக்கொண்டு செய்வார்கள்.

குழந்தை பேசாமல் இருந்தால் பயப்படாதீங்க

1 வயது முடிந்த குழந்தைக்கு 'கீட்டா' எனும் மழலையர் காப்பகத்தில் இடம் கேட்க 2013 ஆகஸ்ட் முதல் சட்டப்படி உரிமை இருக்கிறது. உரிமை வேறு, இடம் கிடைப்பது வேறு. பெரிய நகரங்களில் காத்திருப்போர் பட்டியல் நீளம். கிளம்பும் முன்பே மெயில் அனுப்ப ஆரம்பித்துவிடுங்கள். கட்டணம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். பெர்லினில் கிட்டத்தட்ட இலவசம், சாப்பாட்டுக்கு மட்டும் கட்டினால் போதும். வேறு சில ஊர்களில் சம்பளத்தைப் பொறுத்து வசூலிப்பார்கள்.

இடம் கிடைத்ததும் குழந்தையை விட்டுவிட்டு ஆபீஸ் ஓட முடியாது. பழக்கப்படுத்தும் காலம் என்று சில வாரங்கள் உண்டு. முதல் நாள்களில் அம்மாவோ அப்பாவோ கூடவே ஒரு மணி நேரம் உட்கார வேண்டும். அடுத்து 10 நிமிஷம் வெளியே, பிறகு அரை மணி நேரம் என்று மெல்ல நீட்டுவார்கள். அழுகிற குழந்தையைக் கதவுக்கு அந்தப் பக்கம் இழுத்துக்கொண்டு போகும் வழக்கம் அங்கே இல்லை. புது வேலையில் சேர்ந்த கையோடு இந்த வாரங்களுக்கு லீவு தேவைப்படும். முன்கூட்டியே திட்டமிடுங்கள்.

வீட்டில் வாய் ஓயாத குழந்தை, அங்கே போனதும் மாதக்கணக்கில் வாயே திறக்காமல் இருக்கலாம். புது மொழியைக் காதில் வாங்கிச் சேர்த்துவைக்கும் காலம் அது. ஆசிரியர்களுக்கு இது பழகிய விஷயம். பதறிப்போய் வீட்டிலும் அரைகுறை ஜெர்மனில் பேச ஆரம்பிக்க வேண்டாம். வீட்டில் தமிழே பேசுங்கள். ஜெர்மனை அது விளையாட்டு மைதானத்தில் கற்றுக்கொண்டு, ஒருநாள் உங்கள் உச்சரிப்பைத் திருத்தும்!

6 வயதில் பள்ளி கட்டாயம். வீட்டிலேயே படிக்கவைக்க அனுமதி இல்லை. பள்ளியின் முதல் நாளில் குழந்தை உயரத்துக்குப் பாதி இருக்கும் கூம்பு நிறைய மிட்டாயும் பென்சிலும் கொடுப்பது அந்த ஊர் வழக்கம். உங்கள் குழந்தை மட்டும் வெறும் கையோடு நிற்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, பொங்கலுக்கு ஊருக்குப் போக பள்ளி நாள்களில் டிக்கெட் போட்டுவிடாதீர்கள். அனுமதியில்லாமல் லீவு எடுத்தால் பெற்றோருக்கு அபராதம் விழலாம். பள்ளி விடுமுறை மாநிலத்துக்கு மாநிலம் வேறு என்பதால், முதலில் காலண்டர், அப்புறம் டிக்கெட்.

காய்ச்சலுக்கு மருந்து 'டீ குடிங்க'

நம்ம ஊரில் காய்ச்சல் என்றால் அன்று சாயங்காலமே டாக்டர், கையில் நாலு மாத்திரை. அங்கே டாக்டரைப் பார்க்க அப்பாயின்ட்மென்ட் வேண்டும், பார்த்த பிறகும் "ரெஸ்ட் எடுங்க, நிறைய டீ குடிங்க" என்று அனுப்பிவிடலாம். வைரஸ் காய்ச்சலுக்கு ஆன்டிபயாடிக் எழுதுவதில் அவர்கள் கறார். முதல் குளிர்காலத்தில் குழந்தைக்குச் சளி மாறி மாறி வரும், அதற்குத் தயாராக இருங்கள்.

யாரும் நோய்வாய்ப்படுவதற்கு முன்பே, வீட்டுக்கு அருகில் குடும்ப டாக்டர் ஒருவரையும் குழந்தை டாக்டர் ஒருவரையும் பிடித்துவிடுங்கள். புது நோயாளிகளை எடுக்காத கிளினிக்குகள் நிறைய. மூன்று நம்பர்களை இப்போதே போனில் சேமியுங்கள்: உயிருக்கு ஆபத்து என்றால் 112. போலீஸுக்கு 110. ராத்திரியிலோ வார இறுதியிலோ டாக்டர் தேவை, ஆனால் ஆம்புலன்ஸ் அளவுக்கு இல்லை என்றால் 116117.

ஆபீஸ் போகாத இன்னொருவர்

இதுவரை சொன்ன எல்லாவற்றுக்கும் படிவம் இருக்கிறது, வெப்சைட் இருக்கிறது. இப்போது சொல்லப்போவதற்கு எதுவும் இல்லை.

வேலை கிடைத்தவருக்கு முதல் நாளே ஒரு டீம், கேன்டீன், லஞ்ச் நேரத்துப் பேச்சு எல்லாம் தயார். கூட வந்தவருக்கு? சென்னையிலோ கோவையிலோ நல்ல வேலையில் இருந்து, சொந்த சம்பளம், சொந்த ஸ்கூட்டி, தோழிகள் என்று இருந்தவர், திடீரென்று யாருடைய பெயரும் தெரியாத ஓர் ஊரில், பேசுவது புரியாத கடையில், பில் கொடுக்கக்கூட துணைவரின் கார்டை நீட்டிக்கொண்டு நிற்கிறார். பெரும்பாலும் அது மனைவி. நர்ஸ் மனைவியோடு கிளம்பிப் போகும் கணவர்களுக்கும் இதே நிலைதான். "உனக்கென்ன, வீட்லதானே இருக்க" என்ற ஒரு வரி போதும், சண்டை ஆரம்பிக்க.

சட்டம் இங்கே தடையாக இல்லை. ப்ளூ கார்டில் வருபவரின் துணைவர் ஜெர்மன் தெரியாமலேயே வரலாம், வந்த உடனே எந்த வேலையும் பார்க்கலாம். தடை மொழிதான். ஐ.டி. வேலைக்குச் சில இடங்களில் இங்கிலீஷ் போதும். ஸ்கூல் டீச்சர், நர்ஸ், டாக்டர் போன்ற வேலைகளுக்கு நம்ம ஊர் சான்றிதழை அங்கீகரிக்க வைக்கணும், நல்ல ஜெர்மனும் வேணும். அதற்கு மாதங்கள் ஆகும், சிலருக்கு வருஷங்கள். இதை விமானம் ஏறுவதற்கு முன்பே இரண்டு பேரும் வெளிப்படையாகப் பேசிவிடுவது நல்லது. 'போனதும் பார்த்துக்கலாம்' என்பதுதான் பின்னால் கசப்பாக மாறுகிறது.

என்ன செய்யலாம்?

முதலில், மொழி வகுப்பைக் குடும்பச் செலவில் முதல் வரியாக எழுதுங்கள். வாடகை மாதிரி. எல்லா ஊரிலும் இருக்கும் மக்கள் கல்வி மையமான 'ஃபோக்ஸ்ஹோக்ஷூலெ'யில் தனியார் இன்ஸ்டிட்யூட்டைவிடக் குறைந்த கட்டணத்தில் ஏ1 முதல் சொல்லித்தருகிறார்கள். மொழியைவிடப் பெரிய லாபம், உங்களைப் போலவே புதிதாக வந்த பத்துப் பதினைந்து பேர் ஒரே வகுப்பில் கிடைப்பார்கள்.

அடுத்து, எல்லாவற்றிலும் இரண்டு பெயர் இருக்கட்டும். வாடகை ஒப்பந்தம், பேங்க் கணக்கு, தபால் பெட்டி. வரும் கடிதங்களை இருவரும் சேர்ந்து மொழிபெயர்த்துப் படியுங்கள். ஒருவருக்கு மட்டும் எல்லாம் தெரிந்து, இன்னொருவர் ஒரு கையெழுத்துக்குக்கூட அவரைக் கேட்க வேண்டும் என்ற நிலை நல்லதல்ல.

வாரத்தில் ஒரு சாயங்காலம் குழந்தையை வேலைக்குப் போகிறவர் முழுசாகப் பார்த்துக்கொள்ளட்டும். மற்றவர் லைப்ரரி, நீச்சல், ஜெர்மன் பேசிப் பழகும் கஃபே என்று எங்கேயாவது தனியாகப் போய் வரட்டும். சின்னக் குழந்தை இருந்தால் அப்பா அம்மாக்கள் குழந்தையோடு கூடும் குழுக்கள் ஏரியாவுக்கு ஏரியா உண்டு. சில மணி நேரச் சின்ன வேலைகளும் ஒரு நல்ல ஆரம்பம். 2026-ல் மாதம் 603 யூரோ வரை வாங்கும் 'மினி ஜாப்' என்றால் குடும்பக் காப்பீடும் பாதிக்கப்படாது.

இன்னும் ஒன்று, இதைக் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள். துணைவராகப் போகிறவரின் விசா திருமணத்தைச் சார்ந்தது. அங்கே 3 வருஷம் சேர்ந்து வாழ்ந்த பிறகுதான் பொதுவாகத் தனி உரிமை கிடைக்கும். ஆனால் வீட்டில் வன்முறை என்றால் இந்த 3 வருஷத்துக்கு விதிவிலக்கு உண்டு. 'வெளியே சொன்னா விசா போயிடும்' என்று மிரட்டினால் நம்ப வேண்டாம். பெண்களுக்கான 116016 என்ற இலவச உதவி எண் 24 மணி நேரமும் பல மொழிகளில் இயங்குகிறது. உங்களுக்குத் தேவைப்படாவிட்டாலும், பக்கத்து வீட்டுத் தோழிக்குத் தேவைப்படலாம்.

கறிவேப்பிலையும் கருப்புக் குளிரும்

சாப்பாட்டுக்குக் கவலை வேண்டாம். 1980-களில் போரால் இடம்பெயர்ந்து வந்த ஈழத்தமிழர்கள் ஜெர்மனியின் பல ஊர்களில் கடை வைத்திருக்கிறார்கள். இட்லி அரிசி, சின்ன வெங்காயம், கறிவேப்பிலை எல்லாம் கிடைக்கும். வார இறுதித் தமிழ்ப் பள்ளிகளையும் அவர்கள் நடத்துகிறார்கள். ஹாம் நகரில் 2002-ல் குடமுழுக்கு கண்ட காமாட்சி அம்மன் கோயிலின் தேர்த் திருவிழாவுக்கு ஆயிரக்கணக்கில் கூட்டம் வரும். ஒருமுறை போய் வாருங்கள், தேங்காய் உடைக்கும் சத்தத்தைக் கேட்டாலே பாதிக் களைப்பு போய்விடும்.

குளிர்காலம்தான் நிஜமான பரீட்சை. டிசம்பரில் பெர்லினில் காலை 8 மணிக்கு மேல்தான் விடியும், சாயங்காலம் 4 மணிக்குள் இருட்டிவிடும். காரணமே இல்லாமல் அழுகை வருகிறது, படுக்கையை விட்டு எழவே பிடிக்கவில்லை என்றால் சோம்பல் என்று திட்டிக்கொள்ளாதீர்கள். மதிய வெளிச்சத்தில் கட்டாயம் அரை மணி நேரம் நடங்கள். வைட்டமின் டி பற்றி டாக்டரிடம் கேளுங்கள். வாரக்கணக்கில் அப்படியே நீடித்தால் அதையும் சொல்லுங்கள்.

ஊருக்குப் பேசும் நேரத்தையும் குளிர்காலம் மாற்றிவிடும். வெயில் காலத்தில் இந்தியா மூன்றரை மணி நேரம் முன்னே, குளிர்காலத்தில் நாலரை மணி நேரம். நீங்கள் ஆபீஸ் முடிந்து வரும்போது அம்மா தூங்கப் போயிருப்பார். தினமும் அவசர அவசரமாக இரண்டு நிமிஷம் பேசுவதைவிட, ஞாயிறு காலை நிதானமாக ஒரு மணி நேரம் பேசுங்கள். அதான் அன்றைக்குக் கடையும் இல்லையே!

21 மாதமா, 27 மாதமா?

ப்ளூ கார்டு வைத்திருப்பவர் ஜெர்மன் பி1 முடித்தால் 21 மாதத்தில் நிரந்தர வசிப்புரிமைக்கு விண்ணப்பிக்கலாம். ஏ1 மட்டும் என்றால் 27 மாதம். எல்லோரும் இந்தத் தேதியைக் காலண்டரில் வட்டமிட்டு வைத்திருப்பார்கள்.

அதற்கு முன், முதல் வருஷம் முடியும்போது ஒரு தேதியை வட்டமிடுங்கள். அன்றைக்குக் கணவன், மனைவி இரண்டு பேரும் உட்கார்ந்து மூன்று கேள்விகளுக்குப் பதில் சொல்லுங்கள். கூட வந்தவருக்கு இந்த ஊரில் சொந்தமாக ஒரு ஃப்ரெண்டாவது கிடைத்திருக்கிறாரா? குழந்தை காலையில் அழாமல் கிளம்புகிறதா? ஊரில் இருக்கும் பெற்றோருக்கு அவசரம் என்றால் முதலில் ஓடிப்போய்ப் பார்க்க ஆள் ஏற்பாடு செய்திருக்கிறோமா? மூன்றில் எதற்காவது 'இல்லை' என்று பதில் வந்தால், விண்ணப்பப் படிவத்தை ஓரமாக வைத்துவிட்டு முதலில் அதைச் சரிசெய்யுங்கள். ஒருவர் மட்டும் செட்டில் ஆனால், அந்தக் குடும்பம் இன்னும் செட்டில் ஆகவில்லை என்றுதான் அர்த்தம்.